சட்டத்தின் கண்ணில் ஆபாசம்

பழைய வட ஆற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், கோடை பிறந்ததும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதல் நடக்கும் இரவில், பெண் வேடம் கட்டிய ஆண் கலைஞர் தலைவிரி கோலமாக நிற்க, துச்சாதனன் வேடக்காரர் சேலை முனையைப் பற்றுகிறார். பற்றுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி, இது வேடம்தான், எங்களைப் பொறுத்தருள வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்வதும் உண்டு. பார்த்திருக்கும் பெண்களில் சிலர் கைகூப்பி அழுவார்கள், ஓரிருவருக்குச் சாமி வரும். அதே காட்சியை ஒருவர் கைபேசியில் பிடித்து, சேலை இழுபடும் சில நொடிகளை மட்டும் வெட்டியெடுத்து, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வேறோர் இடத்தில் அவிழ்த்துவிட்ட இரட்டை அர்த்தப் பேச்சை அதனோடு ஒட்டி இணையத்தில் பரப்பினால், திரையில் தெரியும் உடலும் சேலையும் முன்பு இருந்தவைதாம். ஆனால் அது கூத்தாக இராது என்பது நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நமக்கு இப்படித் தெரிவதைச் சட்டம் எந்தச் சொற்களில் எழுதி வைத்திருக்கிறது, நீதிமன்றங்கள் அதை எப்படிப் படித்திருக்கின்றன, எங்கே தடுமாறியிருக்கின்றன என்பதைச் சட்டம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

அடித்தளத்திலிருந்து தொடங்குவோம். அரசியலமைப்பின் பிரிவு 19(1)(அ) குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்தை வெளிப்படுத்தும் உரிமையையும் தருகிறது. எழுத்து, ஓவியம், நாடகம், திரைப்படம் எல்லாம் இதில் அடங்கும். அதற்கு அடுத்த உட்பிரிவான 19(2), சில காரணங்களுக்காக மட்டும் இந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்கிறது. கண்ணியம், ஒழுக்கம் என்பவை அக்காரணங்களில் சேர்ந்தவை. ஆகவே ஆபாசத்தைத் தடுக்கும் சட்டம் இருக்கலாமா என்ற கேள்விக்கு நம் அரசியலமைப்பு 'இருக்கலாம்' என்று முன்பே விடை சொல்லிவிட்டது. எதை ஆபாசம் என்பது என்ற கேள்வி மட்டுமே மிச்சம்.

அதற்கான விடை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 292ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால், அதே பிரிவு சிறு மாற்றங்களோடு 294 என்ற எண்ணைப் பெற்றிருக்கிறது. (பழைய சட்டத்தில் 294 என்பது பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொள்வதற்கும் பேசுவதற்குமான பிரிவு. இப்போது அது 296. செய்தித்தாளில் வெறும் எண்ணைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க இதை நினைவில் வைப்பது நல்லது.) ஒரு நூலோ படமோ உருவமோ காமக் கிளர்ச்சியையே நோக்கமாகக் கொண்டிருந்தாலும், இழிவான காம ஆர்வத்துக்குத் தீனி போட்டாலும், அதைப் படிக்கவோ பார்க்கவோ கேட்கவோ கூடியவர்களின் மனத்தைச் சீரழித்துக் கெடுக்கும் தன்மை கொண்டிருந்தாலும் அது ஆபாசம் எனக் கொள்ளப்படும் என்பது பிரிவின் சாரம். புதிய சட்டம் மின்னணு வடிவில் காட்டப்படுவதையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. முதல் முறை குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும், மறுமுறை என்றால் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இணையத்தில் வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு வருகிறது. அதில் முதல் முறைக்கே 3 ஆண்டு சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் வரை போகலாம்.

இந்த வரையறையில் முகத்தில் அறைவதுபோல் தெரிவது, எந்தச் சொல்லுக்கும் அளவு இல்லை என்பதுதான். எவ்வளவு கிளர்ச்சி, யாருடைய மனம், எப்படிக் கெட்டது என்று எப்படி அறிவது என்பதையெல்லாம் சட்டம் நீதிபதியிடமே விட்டுவிட்டது. எனவே இந்தப் பிரிவின் வரலாறு என்பது நீதிபதிகள் எப்படிப் படித்தார்கள் என்பதன் வரலாறுதான்.

அவர்கள் முதலில் கைக்கொண்ட அளவுகோல் இங்கிலாந்தில் 1868இல் ஹிக்ளின் என்ற வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் சொன்னது. இப்படிப்பட்ட தீய செல்வாக்குக்கு எளிதில் ஆட்படக்கூடிய மனம் உடையவர்கள் கையில் ஒரு வெளியீடு கிடைத்தால் அவர்களைக் கெடுக்குமா என்று பார்க்கச் சொல்கிறது அந்த அளவுகோல். ஊரிலேயே மிகப் பலவீனமான மனம் எதுவோ, அதைக் கொண்டு எல்லாருடைய வாசிப்பையும் அளக்கும் முறை இது. அதோடு, நூலில் சில பத்திகள் கெட்டவையாகத் தெரிந்தால் போதும், முழு நூலும் குற்றவாளியாகிவிடும்.

சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் இதைச் சில திருத்தங்களோடு ஏற்றது. மும்பையில் ஒரு சிறு புத்தகக் கடையை நடத்திய கூட்டாளிகளில் ஒருவரான ரஞ்சித் உதேஷியின் வழக்கில், டி.எச்.லாரன்ஸின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலின் சுருக்கப்படாத பதிப்பை விற்றது குற்றம் என்று 1964இல் தீர்ப்பு வந்தது. ஆளுக்கு 20 ரூபாய் அபராதம். தொகை சிறியதுதான். ஆனால் அத்தீர்ப்பு சொன்ன இன்னொன்று சிறியதன்று: நூலில் இருப்பது ஆபாசம் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை. வேலூர் லாங் பஜாரில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே நாலு நாவல்களைத் தொங்கவிட்டிருக்கும் ஒரு கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். அவர் அத்தனையையும் வரிவரியாகப் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதாகவே இதற்குப் பொருள். படிக்க நேரமில்லாத வியாபாரி என்ன செய்வார்? ஐயம் தரும் நூலை வாங்கியே வைக்கமாட்டார். நீதிமன்றம் தடை செய்யாத நூல்கள்கூட இப்படித்தான் கடைகளிலிருந்து காணாமற்போகின்றன. இந்த நாவலை வெளியிட்ட பெங்குவின் நிறுவனத்தை இங்கிலாந்தின் நடுவர் குழு 1960இலேயே விடுவித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அளவுகோலைத் தந்த நாடு அதைத் தள்ளி வைத்த பிறகும் நாம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஹிக்ளின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகக் கைவிட்டது 2014இல், அவீக் சர்க்கார் வழக்கில். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்ணும் ஆடையின்றி அணைத்து நிற்கும் புகைப்படம், நிறவெறிக்கு எதிரான கருத்தோடு ஒரு ஜெர்மன் இதழில் வந்தது. அதை 1993இல் கொல்கத்தாவில் மறுபதிப்புச் செய்தவர்கள் மீது ஒரு வழக்கறிஞர் புகார் கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த அந்த வழக்கில், ஒரு வெளியீட்டை அதன் காலத்துச் சமூகம் பொதுவாக ஏற்கும் அளவுகோலைக் கொண்டு, சராசரி மனிதரின் பார்வையில், முழுமையாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. எளிதில் சலனப்படும் மனம் என்ற அளவு அன்றோடு போயிற்று. இன்று நம் நீதிமன்றங்கள் பின்பற்ற வேண்டிய அளவுகோல் இதுவே.

'முழுமையாக' என்ற சொல்லின் கனம் நம் பக்கத்தில் ஒருவருக்கு விளங்க வேண்டுமானால் திருப்புகழை எடுத்துக்கொண்டால் போதும். திருவண்ணாமலையோடு வாழ்வு பிணைந்த அருணகிரிநாதர் வள்ளிமலையின் மீதும் விரிஞ்சிபுரத்தின் மீதும் பாடியிருக்கிறார். அவருடைய பாடல்களில் ஏராளமானவை ஒரே அமைப்பில் நடப்பவை. முதற்பாதி விலைமாதரின் கண், கூந்தல், கொங்கை, கலவி என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிக்கொண்டே போகும். பிற்பாதி சட்டென்று திரும்பி, இந்த மயக்கத்திலிருந்து என்னை மீட்டு உன் அடியில் சேர் என்று முருகனிடம் முறையிடும். முதற்பாதியை மட்டும் தனித்தாளில் அச்சடித்து, பொருளும் எழுதிப் பேருந்து நிலையத்தில் விநியோகித்தால், ஹிக்ளின் காலத்து நீதிபதி அதைப் பறிமுதல் செய்யச் சொல்லியிருப்பார். ஆனால் அப்பாடல்களைப் படிவிழாவில் குழந்தைகளோடு அமர்ந்து குடும்பங்கள் பாடுகின்றன, யாரும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லாமல் மீட்பின் அருமையைச் சொல்ல முடியாது என்பது அந்தப் பாடலின் கட்டுமானம். வெட்டியெடுத்தால் கட்டுமானம் விழுந்துவிடுகிறது. சுவடிகளைத் தேடித் தொகுத்து 1894இல் திருப்புகழின் முதல் தொகுதியை அச்சேற்றிய வ.த.சுப்பிரமணிய பிள்ளை மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர் என்பது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும் செய்தி. ஆபாச நூல் விற்பது குற்றம் என்று சொல்லும் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், நீதித்துறையில் இருந்த ஒருவரே இப்பாடல்களை அச்சேற்றியிருக்கிறார், அவருக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

அடுத்து, ஆடையின்மையே ஆபாசம் ஆகாது என்பது. போளூருக்கு அருகே திருமலையில், பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரத்தில் ஆடையின்றி நிற்கிறார். ஆரணி, வந்தவாசி வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவரும் உருவம் அது. துறவின் முழுமையைக் காட்டும் ஆடையின்மை அது என்பதைச் சமணரல்லாதவர்களும் பார்த்தவுடன் உணர்கிறார்கள். இதே உண்மையை நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தபோது எவ்வளவு காலம் பிடித்தது என்பதற்கு ஓவியர் அக்பர் பதம்ஸியின் கதை சான்று. 1954இல் மும்பை ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் அவர் வைத்த ஓவியங்களுக்காகக் காவல்துறை வழக்குத் தொடுத்தது. கடைசியில் அவர் விடுவிக்கப்பட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, அவருடைய படைப்புகளையும் எஃப்.என்.சூசாவின் படைப்புகளையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தபோது சுங்கத்துறை ஆபாசம் என்று கூறிப் பறிமுதல் செய்தது. ஆடையற்ற ஓவியம் எல்லாம் ஆபாச ஓவியம் ஆகிவிடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் மறுபடியும் சொல்லி, அந்த ஆணையை ரத்து செய்தது. ஒரே ஓவியர், ஒரே கேள்வி, ஒரே விடை. திரைப்படத்துக்கும் இதுவே பொருந்தும். 'பாண்டிட் குயின்' வழக்கில், பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணை ஊரார் முன் ஆடையின்றி நடத்தும் காட்சி பார்ப்பவர்களுக்குக் காமத்தை ஊட்டாது, அந்தக் கொடுமை செய்தவர்கள் மீது வெறுப்பையே ஊட்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. திரௌபதியின் சேலை இழுபடும்போது நம்மூர்ப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

ஆபாசத்தோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று கொச்சைத்தனம். சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு. வங்க எழுத்தாளர் சமரேஷ் போஸ் 1967இல் எழுதிய நாவலுக்காகக் கீழ் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டு, 1985இல்தான் உச்ச நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். கொச்சையான எழுத்து அருவருப்பையும் சலிப்பையும் உண்டாக்கலாம், ஆனால் அதனாலேயே அது படிப்பவரின் ஒழுக்கத்தைக் கெடுப்பதாகிவிடாது என்றது அத்தீர்ப்பு. நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்தில் நின்று அவர் என்ன சொல்ல முயல்கிறார் என்று பார்க்க வேண்டும், பிறகு எல்லா வயது வாசகர்களின் இடத்திலும் நின்று பார்க்க வேண்டும், தன் சொந்த விருப்பு வெறுப்பை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற வழிமுறையும் அதில்தான் வந்தது. காமத்தைக் குறிப்பிட்டாலே ஆபாசம் என்று கொண்டால் இளைஞர்கள் சமய நூல்களைத் தவிர வேறெதையும் படிக்க முடியாது என்ற கருத்தும் அதே தீர்ப்பில் உண்டு. அருணகிரிநாதரை அறிந்த நாம் அந்த நீதிபதிகளிடம் ஒரு சிறு திருத்தம் சொல்லலாம்: சமய நூல்களையும் படிக்க முடியாது.

கொச்சைக்கும் ஆபாசத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்று அறிய எந்த மாவட்டத்திலும் ஒரு சாதாரண அடிதடி வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் பார்த்தால் தெரியும். வரப்புத் தகராறோ வாடகைத் தகராறோ, 'அசிங்க அசிங்கமாகத் திட்டி' என்ற சொற்றொடர் அனேகமாகத் தவறாமல் இருக்கும், அதற்கென்று 294(பி) என்ற பழைய பிரிவும், இப்போது 296(பி) என்ற புதிய பிரிவும் சேர்ந்திருக்கும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்களில் பலருக்கு, தம்மீது ஆபாசக் குற்றச்சாட்டு இருப்பதே தெரியாது. திட்டுச் சொல் என்பதாலேயே அது இந்தப் பிரிவுக்குள் வராது, காம உணர்வைத் தூண்டும் தன்மை வேண்டும், பிறருக்குத் தொல்லை ஏற்பட்டது என்பதும் காட்டப்பட வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற மதனகோபால் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கல்லூரி மாணவர்கள் கெட்ட வார்த்தை பேசும் ஓர் இணையத் தொடர் தொடர்பான வழக்கிலும், 2024 மார்ச்சில், வசை வேறு, ஆபாசம் வேறு என்று மறுபடி கூறியது. கட்டியங்காரனுக்கு இது நல்ல செய்தி. ராஜாவையும் நாட்டாண்மையையும் இடுப்புக்குக் கீழே இறங்கிக் கிண்டலடிப்பது அவன் தொழில். அந்தப் பேச்சில் அதிகாரத்தின் மீதான நையாண்டி இருக்கிறதே தவிர, யாருடைய மனத்தையும் கெடுக்கும் நோக்கம் இல்லை.

சட்டம் சிலவற்றை வரையறைக்கு வெளியே வைத்தும் இருக்கிறது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்காகப் பொது நன்மையை முன்னிட்டு வெளியிடப்பட்டது என்று நிரூபிக்கப்பட்டால் குற்றமில்லை. சமய நோக்கத்துக்காக உண்மையாகவே வைத்திருப்பதும் குற்றமில்லை. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தில் அடங்கும் பழைய சின்னங்களிலும், கோயில்களிலும், உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்யும் தேர்களிலும் உள்ள சிற்பங்களும் ஓவியங்களும் விலக்குப் பெற்றவை. நம் பக்கத்துப் பழைய தேர்களின் அடிப்பாகத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு இந்த விலக்கு ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. தேர்ச் சிற்பிக்கு விலக்குத் தானாகவே கிடைக்கிறது, அவனிடம் யாரும் பொது நன்மையை நிரூபிக்கச் சொல்வதில்லை. அதே மரத்தில் அதே உருவத்தை இன்று கண்காட்சிக்காகச் செதுக்கும் கலைஞரோ, தன் படைப்பு கலைதான் என்பதைத் தானே காட்ட வேண்டியிருக்கிறது. பழமைக்கும் கடவுளுக்கும் தரும் நம்பிக்கையைச் சட்டம் வாழும் கலைஞருக்குத் தருவதில்லை.

அப்படியானால் கோடு எங்கே இருக்க வேண்டும்? என் கருத்தில், படைப்பில் எவ்வளவு உடல் தெரிகிறது என்ற கேள்வியில் சட்டம் தன் வலுவை வீணாக்கக் கூடாது. அந்தப் படைப்பு உருவாகும்போது யார் துன்பப்பட்டார்கள், யாருடைய சம்மதம் இல்லாமல் அது பரவுகிறது, பார்க்க விரும்பாதவர் கண்முன் அது திணிக்கப்படுகிறதா என்ற மூன்றையும் கேட்டால் பெரும்பாலான சிக்கல்கள் தீரும். குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் படம் எவருடைய ரசனையைப் பற்றிய விவாதமும் அன்று. அங்கே ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்திருக்கிறது. அதற்காகத்தான் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் இருக்கின்றன, அவை கடுமையாக இருப்பது சரியே. பிரிந்துபோன காதலியின் படத்தைப் பழிவாங்கப் பரப்புபவன் செய்யும் குற்றமும் அப்படித்தான். அந்தப் படம் எவ்வளவு அடக்கமாக இருந்தாலும் அவளுடைய சம்மதம் இல்லை என்பதே குற்றம். பெண்ணின் தனிமையை ஒளிந்து படம்பிடிப்பதைப் புதிய சட்டத்தின் 77ஆம் பிரிவு தண்டிக்கிறது. இவற்றில் எதிலும் 'ஒழுக்கம் கெடுமா' என்று நீதிபதி யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் எதிரே இருக்கிறார். 294ஆம் பிரிவில் பல வேளைகளில் பாதிக்கப்பட்டவர் என்று காட்ட ஒருவரும் இருப்பதில்லை, புண்பட்டதாகச் சொல்லும் புகார்தாரரைத் தவிர.

வளர்ந்தவர்கள் தாமே தேர்ந்து படிப்பதற்கும், தெருவில் போகிறவர் மீது விழுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டும் சுவரொட்டிக்கு நூலைவிடக் கண்டிப்பான விதி இருப்பது நியாயம், ஏனென்றால் அங்கே கண்ணை மூடிக்கொள்ளும் வாய்ப்பைச் சுவரொட்டி தருவதில்லை. கோயில் திருவிழாக்களின் ஆடல் பாடல் நிகழ்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போகும் இந்நிகழ்ச்சிகளுக்கு, ஆபாச நடனம் கூடாது, அரைகுறை ஆடை கூடாது, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது என்ற நிபந்தனைகள் வழக்கமாக விதிக்கப்படுகின்றன. மேடையில் ஆடும் பெண்கள் மீது பணத்தாள் வீசுபவர்களையும் கையைப் பிடித்து இழுப்பவர்களையும் தடுப்பது அவசியம், மறுப்பதற்கில்லை. ஆனால் 'இரட்டை அர்த்தம்' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் கட்டியங்காரன் வாயைத் திறக்கவே முடியாது. அங்கே பாதுகாப்புக்கு நிற்கும் காவலர், எந்தச் சொல்லில் மேடையை நிறுத்துவது என்ற இலக்கிய முடிவை எடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அது அவர் பயிற்சி பெற்ற வேலையன்று. நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும் என்றிருந்த 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது. அந்தத் தணிக்கை நிபந்தனைகளின் வடிவில் பின்வாசல் வழியே திரும்பி வரக் கூடாது.

திரைப்படத்துக்கு மட்டும் முன்தணிக்கை இன்றும் சட்டப்படி இருக்கிறது. திரைப்பட இயக்குநர் கே.ஏ.அப்பாஸ் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது, காட்சிக்கும் ஒலிக்கும் உள்ள தாக்கம் எழுத்துக்கு இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். கைபேசி இல்லாத காலத்துக் காரணம் அது. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நீதிமன்றங்கள் வகுத்த கோடு இன்று பெருமளவு தெளிவாகவே இருக்கிறது என்பது இதுவரை சொன்னதிலிருந்து விளங்கும். துன்பம் விளைவது அந்தக் கோட்டுக்கு வந்து சேரும் வழியில்தான். நடிகை குஷ்பு 2005இல் ஒரு பத்திரிகையில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக 23 புகார்கள் பதிவாயின. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டின் வெவ்வேறு ஊர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்டவை. 2010இல் உச்ச நீதிமன்றம் அனைத்தையும் ரத்து செய்தது. குற்றமே இல்லை என்பதை அறிய ஐந்து ஆண்டுகள் ஆயின, அதுவும் உச்ச நீதிமன்றம் வரை போக வசதி இருந்த ஒருவருக்கு.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' விவகாரத்தில் நீதிமன்றமே தேவைப்படவில்லை. 2010இல் வெளிவந்த அந்நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது, அங்கே எழுத்தாளர் வருத்தம் தெரிவித்தும் நூல் பிரதிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டும் கையெழுத்திட நேர்ந்தது. எந்தப் பிரிவின் கீழும் எந்த நீதிபதியும் நூலைப் படிக்கவில்லை, முழுமையாகப் பார்ப்பது, சராசரி வாசகர், சமகால அளவுகோல் என்று மேலே பார்த்த எதுவும் பேசப்படவில்லை. சட்டம் ஒழுங்கு என்ற ஒற்றைக் காரணத்தால் எல்லாம் முடிந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா ஆகியோர் அளித்த தீர்ப்பு, அந்த ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றும், நூலைப் பிடிக்காதவர் படிக்காமல் விட்டுவிடலாம் என்றும் கூறியது. எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்று அது முடிவதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கூட்டத்துக்கு அஞ்சிப் படைப்பாளியைப் பணியவைப்பது அதிகாரிகளின் வேலையன்று என்பதை அது நிலைநாட்டியதே.

ஒரு சிற்றிதழ் நடத்துபவரோ கூத்துக் குழுவின் வாத்தியாரோ இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றிரண்டு உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவானால், அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவு அதற்கானது. அரசே ஒரு நூலைப் பறிமுதல் செய்ய நினைத்தால், அதே சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, எக்காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தது என்பதை அறிவிக்கையில் எழுதியாக வேண்டும். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போனால் குறைந்தது மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். காரணம் எழுதாத பறிமுதல் ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லியிருக்கிறது. இத்தனை பாதுகாப்பும் எழுத்தில் உள்ள ஆணைக்கு எதிராக மட்டுமே பயன்படும். 'எதுக்குங்க வம்பு, இந்த வருஷம் அந்தக் காட்சிய மட்டும் விட்டுடுங்க' என்று திருவிழாவுக்கு முந்தைய நாள் வாய்மொழியாகச் சொல்லப்படுவதை எந்த அமர்வின் முன்னும் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ஆகவே வாத்தியார் அங்கேயே, அதைத் தாளில் எழுதித் தரும்படி கேட்கலாம். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.